மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்: பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பற்றிய முழு வழிகாட்டி

மலம் கழிக்கும்போது ரத்தம் தெரிந்தால் பலர் வீட்டில்கூடச் சொல்வதில்லை. மூலமாகத்தான் இருக்கும் என்று எண்ணி ஒரு களிம்பு வாங்கிப் போடுகிறார்கள். நாலு நாளில் ரத்தம் நின்றதும் அதை மறந்தும் விடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அது மூலமாகவே இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது மூலம்தானா என்பதைப் பரிசோதித்துப் பார்த்த ஒருவர் சொல்ல வேண்டும். வெட்கத்தால் அந்த ஒரு கேள்வி தள்ளிப்போகும் மாதங்களில்தான், எளிதாகக் குணமாக்கக்கூடிய நோய் கடினமான நோயாக மாறுகிறது. இந்த வழிகாட்டியை எழுதக் காரணம் அதுதான்.

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. சுமார் 9 லட்சம் பேர் இதனால் இறக்கிறார்கள். புற்றுநோய் இறப்புகளில் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இவற்றில் கணிசமான இறப்புகள் தவிர்த்திருக்கக்கூடியவை. ஏன் என்பதற்கான பதில் முதல் படியிலேயே இருக்கிறது.

படி 1: நோய் எங்கே, எப்படித் தொடங்குகிறது?

சிறுகுடல் முடியும் இடத்தில், வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில் பெருங்குடல் தொடங்குகிறது. அங்கிருந்து மேலே ஏறி, குறுக்கே போய், இடதுபக்கமாக இறங்குகிறது. நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். அதன் கடைசி 12 முதல் 15 சென்டிமீட்டர்தான் மலக்குடல். அதற்குக் கீழே ஆசனவாய்.

இந்தக் குடலின் உள்சுவரில் சிலருக்குச் சிறு சதை வளர்ச்சிகள் தோன்றும். பாலிப் என்பார்கள். பாலிப் எல்லாமே புற்றுநோயாக மாறுவதில்லை. அடினோமா என்ற வகையில் ஒரு பகுதிதான் மாறுகிறது. அதற்கும் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவுக்கு ஆகிறது. செல்லின் மரபணுக்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோளாறுகள் சேர்ந்துகொண்டே போனால்தான் சாதாரண வளர்ச்சி புற்றாகிறது. ஏபிசி என்ற மரபணு முதலில் பழுதாவதும், பிறகு கேராஸ், டிபி53 போன்றவை சேர்வதும் அடிக்கடி காணப்படும் வரிசை.

அந்தப் பத்தாண்டுதான் நமக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு. நோய் வருவதற்கு முன்பே பாலிப்பைப் பார்த்து அகற்றிவிட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் வராது. அமெரிக்காவின் தேசிய பாலிப் ஆய்வில் அடினோமாக்களை அகற்றிக்கொண்டவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களிடையே இந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பு, எதிர்பார்க்கப்பட்டதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. 2012-ல் வெளியான முடிவு இது. வருவதற்கு முன்பே இவ்வளவு நேரடியாகத் தடுக்க முடிகிற புற்றுநோய்கள் சிலவே.

படி 2: எச்சரிக்கை அறிகுறிகளை அடையாளம் காணுங்கள்

தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. வரும்போதும், கட்டி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாக நினைவில் நிற்கும்.

வலதுபக்கக் குடல் அகலமானது. அங்கே மலம் இன்னும் நீர்த்த நிலையில் இருக்கும். அதனால் கட்டி பெரிதாக வளர்ந்தாலும் அடைப்பு உடனே வராது. கட்டியிலிருந்து ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. சில மாதங்களில் அந்த நபர் வெளிறிப்போவார். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், காரணமில்லாமல் களைப்பு இருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று வரும். அவரும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவார், அளவு கொஞ்சம் ஏறும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். கசிவு மட்டும் உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும்.

இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை என்று வந்தால், மாத்திரைக்கு முன் கேட்க வேண்டியது "இரும்பு எங்கே போனது?" என்பதைத்தான். எந்த வயது ஆணாக இருந்தாலும், மாதவிடாய் நின்ற பெண்ணாக இருந்தாலும், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை விடக் கூடாது. மாதவிடாய் உள்ள பெண்களில் உதிரப்போக்கின் மீதே எல்லாப் பழியும் விழுந்துவிடுகிறது. குடல் அறிகுறியோ குடும்ப வரலாறோ இருந்தால் அவர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இடதுபக்கக் குடல் குறுகலானது. அங்கே மலம் கெட்டியாகிவிடும். கட்டி வழியை மறிப்பதால் மலம் போகும் பழக்கமே மாறும். இதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவருக்கு மலச்சிக்கல் வரும், அல்லது பேதி வரும், அல்லது இரண்டும் மாறி மாறி வரும். மலம் வழக்கத்தைவிட மெலிந்து வரலாம். வயிறு உப்பும், இழுத்துப் பிடிக்கும்.

கட்டி மலக்குடலில் இருந்தால் ரத்தம், சளி, கூடவே "இன்னும் முழுசாகப் போகவில்லை" என்ற உணர்வு. போய்விட்டு வந்த உடனேயே மறுபடி போகத் தோன்றும், போனால் ஒன்றும் வராது. பலர் இதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள், ஆனால் மருத்துவருக்கு இது மிகவும் பயனுள்ள தகவல்.

இவை தவிர, முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைவது, பசி இல்லாமல் போவது, வயிற்றில் கட்டி போல் கைக்குத் தட்டுப்படுவது ஆகியவையும் உண்டு. இவை பெரும்பாலும் பின்னால் வருபவை. எடை குறையவில்லையே என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம்.

ஒரு நாளைக்கு மூன்று முறை போவதும் வாரத்துக்கு மூன்று முறை போவதும் இயல்பின் எல்லைக்குள் அடங்கும். எனவே எண்ணிக்கையை அடுத்தவரோடு ஒப்பிட்டுப் பயனில்லை. உங்கள் வழக்கத்திலிருந்து மாறியிருக்கிறதா, அந்த மாற்றம் மூன்று வாரத்தைத் தாண்டியும் நீடிக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 3: மூலமா, வேறா?

மூலத்தில் வரும் ரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். மலத்தின் மேல் கோடாகவோ, மலம் போன பிறகு சொட்டாகவோ வரும். அதிகம் வலிக்காது. ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் மலம் போகும்போது கத்தியால் கீறியது போல வலிக்கும், ரத்தம் கொஞ்சமாக இருக்கும். ரத்தம் கருஞ்சிவப்பாக, மலத்தோடு கலந்து, சளியும் சேர்ந்து வந்தால் இன்னும் மேலே ஏதோ இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு வந்தால் இரைப்பை அல்லது குடலின் மேற்பகுதியில் ரத்தக்கசிவு இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும். இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேறுபாடுகளை எழுதும்போதே எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. இதை வைத்து யாரும் தனக்குத்தானே "பளிச்சென்ற சிவப்புதானே, மூலம்தான்" என்று சான்றிதழ் கொடுத்துக்கொள்ளக் கூடாது. மலக்குடலில், ஆசனவாய்க்குச் சற்று மேலே இருக்கும் புற்றிலிருந்து வரும் ரத்தமும் பளிச்சென்றுதான் இருக்கும். அதோடு மூலம் மிகப் பரவலான தொல்லை. மூலம் இருப்பவருக்குக் கூடவே கட்டியும் இருக்கலாம். பல ஆண்டுகளாக மூலம் இருக்கிறது என்று தெரிந்தவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரத்தம் வரும் விதம் மாறினால், பழைய பெயரையே அதற்கும் ஒட்டிவிடாமல் மறுபடி காட்ட வேண்டும்.

"எனக்கு வயது குறைவுதானே" என்பதும் பாதுகாப்பு ஆகாது. நடிகர் சாட்விக் போஸ்மேன் பெருங்குடல் புற்றுநோயால் 2020-ல் இறந்தபோது அவருக்கு வயது 43. நோய் கண்டறியப்பட்டது 2016-ல், மூன்றாம் நிலையில். அமெரிக்காவில் 1995-ல் இந்த நோயாளிகளில் 11 சதவீதம் பேர் 55 வயதுக்கு உட்பட்டவர்கள். 2019-ல் அது 20 சதவீதமாகிவிட்டது. 50 வயதுக்குக் குறைந்தவர்களை வைத்து 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று நான்கு அறிகுறிகளைத் தனியே சுட்டியது: வயிற்று வலி, மலத்தில் ரத்தம், பேதி, இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை. நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு முன்பே இவை தலைகாட்டியிருந்தன. ஒன்று இருந்தால் நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஆறு மடங்குக்கு மேல்.

படி 4: காத்திருக்கக் கூடாத நிலைகள்

வயிறு உப்பி, கடுமையாக வலித்து, வாந்தியும் வந்து, மலமோ வாயுவோ எதுவும் போகாமல் நின்றுவிட்டால் குடல் அடைப்பாக இருக்கலாம். ரத்தம் கட்டிகட்டியாகவோ நிற்காமலோ போனால், தலைசுற்றி மயக்கம் வந்தால், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்த நிலையில் பேதி மருந்து எதையும் வீட்டில் கொடுக்கக் கூடாது. அடைத்திருக்கும் குடல் கிழிந்துவிடும் ஆபத்து உண்டு.

படி 5: மருத்துவரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

"வயிறு சரியில்லை" என்று தொடங்கினால் பேச்சு அசிடிட்டி மாத்திரையோடு முடிந்துவிட வாய்ப்பு அதிகம். முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: "டாக்டர், ஆறு வாரமாக மலத்தில் ரத்தம் வருகிறது. வாரத்துக்கு மூன்று நாளாவது பார்க்கிறேன். சளியும் இருக்கிறது." எப்போது தொடங்கியது, எத்தனை முறை, நிறம் என்ன, எடை எவ்வளவு குறைந்தது என்பதை முந்தைய நாளே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலும் வேண்டும். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து, ஆஸ்பிரின், வலி மாத்திரை எதையும் விட்டுவிடாதீர்கள்.

குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், என்ன புற்றுநோய் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். பெருங்குடல் மட்டும் போதாது, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயையும் கேளுங்கள். லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறில் இவை இரண்டும் ஒரே குடும்பத்தில் வருவதுண்டு.

மருத்துவர் கையுறை போட்டு மலக்குடலை விரலால் பரிசோதிக்க வேண்டியிருக்கும். ஒரு நிமிட வேலை. சங்கடமாக இருக்கலாம், ஆனால் மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டி பல நேரம் அந்த விரலுக்கே தட்டுப்பட்டுவிடும். அவர் செய்யவில்லை என்றால் "உள்ளே பரிசோதித்துப் பார்க்க வேண்டாமா?" என்று நீங்களே கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பார்க்காமலே மூலத்துக்கு மருந்து எழுதினால், "இத்தனை வாரத்தில் நிற்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வோம்?" என்று கேட்டுத் தேதியோடு பதில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

படி 6: என்னென்ன பரிசோதனைகள்?

ரத்த எண்ணிக்கையும், உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் அளவும் முதலில் பார்ப்பார்கள். அப்புறம் ஃபிட் என்ற மலப் பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று அது காட்டும். வீட்டிலேயே சிறிது மலம் எடுத்துக் கொடுத்தால் போதும், உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை. ஆனால் கட்டிகள் எல்லா நாளும் ரத்தம் கசிவதில்லை. ஒருமுறை ரத்தம் இல்லை என்று வந்தாலும் அறிகுறி தொடர்ந்தால் விஷயம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. ரத்தம் இருக்கிறது என்று வந்தால், குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி அவசியம். மலப் பரிசோதனையை மட்டும் மறுபடி செய்து பார்ப்பது நேர விரயம்.

சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனையைப் புற்றுநோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சிலர் தாங்களே எடுத்துப் பார்க்கிறார்கள். அது அதற்கானதல்ல. தொடக்க நிலையில் பலருக்கு இயல்பாகவே இருக்கும், புகைப்பவர்களுக்கு நோய் இல்லாமலே கூடும். நோய் உறுதியான பிறகு சிகிச்சையின் போக்கைக் கண்காணிக்கத்தான் அது பயன்படுகிறது.

முடிவான பரிசோதனை கொலனோஸ்கோபி. நுனியில் கேமரா பொருத்திய, வளையக்கூடிய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்தி முழுப் பெருங்குடலையும் பார்க்கிறார்கள். பாலிப் தெரிந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். சந்தேகமான இடத்திலிருந்து துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். பொதுவாக அரை மணி நேரம் அளவுக்கு ஆகும். மயக்கமாக இருக்க மருந்து கொடுப்பதால் பலருக்கு நடந்ததே நினைவில் இருக்காது.

பயப்பட வேண்டியது குழாயைப் பார்த்து அல்ல. அக்கறை தேவைப்படுவது முந்தைய நாள் தயாரிப்பில்தான். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சிறிய, தட்டையான பாலிப்கள் கண்ணில் படாமல் போய்விடும், திரும்பவும் செய்ய வேண்டி வரும். இரும்புச்சத்து மாத்திரையை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது குடல் சுவரில் கறுப்பாகப் படியும். கடைசி ஓரிரு நாள் நார்ச்சத்து குறைந்த உணவு, அதன்பின் தெளிந்த நீர் மட்டும். பேதி மருந்தைப் பாதி முந்தைய மாலையிலும் பாதி பரிசோதனை நாள் காலையிலும் குடிப்பது முழுவதையும் ஒரேயடியாகக் குடிப்பதைவிட நன்றாகச் சுத்தம் செய்கிறது. கடைசியில் வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீராக இருந்தால் தயாரிப்பு சரி. சர்க்கரை நோயாளிகள் மருந்தின் அளவையும், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எடுப்பவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே கேட்டே ஆக வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் எந்தப் பேதி மருந்து தங்களுக்குப் பாதுகாப்பானது என்று கேளுங்கள். குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு, ஆனால் மிக அரிது. சாதாரணப் பரிசோதனையில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

படி 7: அறிகுறி இல்லாதவர்கள் எப்போது பரிசோதிக்க வேண்டும்?

சாதாரண அளவு ஆபத்து உள்ளவர்கள் 45 வயதில் தொடங்க வேண்டும் என்று அமெரிக்காவின் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2021-ல் பரிந்துரையை மாற்றியது. அதற்கு முன் 50 என்று இருந்தது. இன்னும் பல நாடுகளில் 50-தான் தொடக்கம். ஆண்டுக்கு ஒருமுறை ஃபிட், அல்லது இயல்பாக இருந்தால் பத்து ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி என்பவை பரவலான தேர்வுகள். எது சிறந்தது என்று குழம்பி எதையும் செய்யாமல் இருப்பதைவிட, செய்ய முடிந்த ஒன்றைச் செய்துவிடுவது மேல் என்பது என் கருத்து.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் யாருக்காவது 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே, இரண்டில் எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோபியைத் தொடங்க வேண்டும். அண்ணனுக்கு 44 வயதில் வந்தது என்றால் தம்பிக்கு 34. லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்கு இருபதுகளிலேயே தொடங்கி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும். குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்கள் முளைக்கும் பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து, பன்னிரண்டு வயதிலிருந்தே கண்காணிப்பு வேண்டும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன் நோய் போன்ற நீண்டகாலக் குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் தனி அட்டவணை உண்டு.

படி 8: ஆபத்தைக் குறைக்க

புகையை விடுவது, மதுவைத் தவிர்ப்பது, உடல் எடையைக் கட்டுக்குள் வைப்பது, தினமும் உடலுக்கு வேலை கொடுப்பது, முழுத்தானியமும் நார்ச்சத்தும் சேர்ப்பது. எல்லோரும் கேட்டதுதான், ஆதாரமும் உள்ளதுதான். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் சாப்பிடுவது ஆபத்தைச் சுமார் 18 சதவீதம் கூட்டுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ஒழுங்காக வாழ்பவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. "நான் கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவன்" என்பதற்காக அறிகுறியைப் புறக்கணிக்க வேண்டாம். நோய் வந்தவரிடம் போய் அவர் சாப்பாட்டைக் குறை சொல்லவும் வேண்டாம்.

படி 9: பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டால்

அடுத்த வேலை நிலையைக் கண்டறிவது. மார்பு, வயிறு, இடுப்புக்கு சிடி ஸ்கேன். மலக்குடலில் என்றால் கூடவே எம்ஆர்ஐ. குடல் சுவருக்குள்ளேயே இருந்தால் முதல் நிலை. சுவரைத் தாண்டி வளர்ந்தும் நிணநீர்க் கணுக்களுக்குப் போகாமல் இருந்தால் இரண்டாம் நிலை. நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தால் மூன்று. கல்லீரல், நுரையீரல் போன்ற வேறு உறுப்புக்குப் பரவியிருந்தால் நான்கு. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி குடலைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்தாண்டைத் தாண்டி வாழ்கிறார்கள். தொலைவில் பரவிய பிறகு ஏழு பேரில் ஒருவர் அளவுக்குத்தான். அந்த நிலையிலும், கல்லீரலில் சில கட்டிகள் மட்டும் இருந்தால் அவற்றையும் அகற்றிக் குணமடைந்தவர்கள் இருக்கிறார்கள்.

பெருங்குடலில் என்றால் பெரும்பாலும் முதலில் அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் பிறகு கீமோதெரபி. மலக்குடலில், கட்டி ஆழமாக இருந்தால் ரேடியேஷனும் கீமோவும் முதலில், அறுவை பிறகு. கட்டியில் எம்எம்ஆர் என்ற, மரபணுப் பழுதுநீக்கும் புரதங்கள் இருக்கின்றனவா என்ற பரிசோதனையைக் கட்டாயம் கேளுங்கள். அவை இல்லாத கட்டிகளுக்கு, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் திருப்பும் இம்யூனோதெரபி அபாரமாக வேலை செய்யக்கூடும். அப்படிப்பட்ட மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து மட்டும் கொடுத்ததில், 12 பேருக்கும் கட்டி முழுவதுமாக மறைந்தது என்று 2022-ல் செய்தி வந்தது. எண்ணிக்கை சிறியது, ஆனாலும் மருத்துவ உலகம் முழுக்க நிமிர்ந்து பார்த்த முடிவு. இந்தப் பரிசோதனை லிஞ்ச் சிண்ட்ரோமுக்கான துப்பையும் சேர்த்தே தருகிறது.

பலர் பயப்படுவது, மலம் வெளியேற வயிற்றில் துளை போட்டுப் பை வைப்பதை நினைத்து. எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டவர்களிலும் பலருக்கு அது தற்காலிகம், குடல் ஆறியதும் துளையை மூடிவிடுவார்கள். நிரந்தரமாக இருந்தாலும் வேலைக்குப் போகலாம், குளிக்கலாம், பயணம் செய்யலாம். எப்படிப் பராமரிப்பது என்று கற்றுத் தரும் செவிலியரை அறுவைக்கு முன்பே சந்தித்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

சிகிச்சை முடிந்த பின் முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிஇஏ பரிசோதனை, இடையிடையே ஸ்கேன், ஓராண்டில் ஒரு கொலனோஸ்கோபி என்று கண்காணிப்பு தொடரும். கூடவே இன்னொரு வேலை உண்டு: உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் விஷயத்தைச் சொல்லி, எந்த வயதில் அவர்கள் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். பயாப்ஸி, எம்எம்ஆர் அறிக்கைகளின் நகலையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்களைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.